எவ்வளவு உயரம், யார் கண்ணுக்கு: ஐரோப்பிய நகரங்களின் வானளாவிக் கதை

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் ரிச்மண்ட் பூங்கா இருக்கிறது. மான்கள் மேயும் பெரிய பூங்கா. அதில் ஒரு சின்ன மேட்டுக்கு எட்டாம் ஹென்றி மன்னரின் பெயர். மேட்டின் மேல் நின்றால் எதிரே உயரமான செடி வேலி. அந்த வேலியில் ஓர் ஓட்டையை வெட்டி, அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் வழியே பார்த்தால், மரங்களுக்கு நடுவே விட்டிருக்கும் நீண்ட இடைவெளியின் முடிவில், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். அந்தப் பார்வைக்குக் குறுக்கே லண்டனில் யாரும் உயரமாகக் கட்ட முடியாது. நகரத் திட்ட விதி அதைத் தடுக்கிறது.

2016-இல் அந்த ஓட்டை வழியே பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. குவிமாடத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு கட்டிடம் முளைத்திருந்தது. கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் குடியிருப்பு அது. குறுக்கே இல்லை, பின்னால்தான். ஆனால் குவிமாடம் இதுவரை வானத்தை மட்டும் பின்னணியாகக் கொண்டு நின்றது, இப்போது ஒரு கட்டிடத்தின் முன்னால் நின்றது. பெரிய சர்ச்சையாயிற்று.

நியூயார்க்கிலோ துபாயிலோ இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 16 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு வேலி ஓட்டை வழியாகத் தெரியும் காட்சிக்காகக் கோடிக்கணக்கான பணம் புரளும் கட்டிடத்தைக் கேள்வி கேட்பதா என்பார்கள். கோயில் கோபுரத்துக்கு மேலே வீடு எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் படாது. ஐரோப்பாவில் வானளாவிகளைப் பற்றிய சண்டை, பொறியியல் சண்டை அல்ல. எவ்வளவு உயரம் கட்ட முடியும் என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. யார் கண்ணுக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்பதில்தான் ஒவ்வொரு நகரமும் நூறு ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறது. அந்தப் பார்வையில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதும் இந்தக் கதையின் பகுதிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ரஷ்யாவை விட்டுவிட்டால், ஐரோப்பா முழுவதிலும் 300 மீட்டரைத் தாண்டி நிற்கும் வானளாவிகள் இரண்டே இரண்டு. லண்டனின் ஷார்டு, 309.6 மீட்டர். போலந்துத் தலைநகர் வார்சாவின் வார்சோ டவர், 310 மீட்டர். அதிலும் வார்சோவின் கூரை 230 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மீதி 80 மீட்டர் மேலே நிற்கும் கம்பம்.

ஏன் இவ்வளவு குறைவு? ஐரோப்பியர்களுக்குப் பழமைப் பற்று அதிகம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நகரத்தின் மையப்பகுதி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் லிஃப்ட்டும் எஃகுச் சட்டகமும் வந்தன. பாரிஸில் அப்படியில்லை. 1853-லிருந்து 1870 வரை நகர நிர்வாகி ஓஸ்மான் பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டு, இருபுறமும் ஆறேழு மாடி வீடுகளை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். லிஃப்ட் பரவலாவதற்கு முன்பே நகரம் கட்டி முடிந்துவிட்டது. காலி மனை என்று ஒன்று இருந்தால்தானே வானளாவி எழுப்ப?

அதோடு, நெருக்கமாக வாழ்வதற்கு வானளாவி தேவையே இல்லை. பாரிஸ் நகர எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய 20,000 பேர் வசிக்கிறார்கள். உயரக் கட்டிடங்களுக்குப் பெயர்போன பல நகரங்களைவிட அது நெருக்கம். ஆறு மாடி, ஏழு மாடி, இடைவெளி விடாமல் தெருவை ஒட்டி. அவ்வளவுதான். உயரம் கூடக் கூட உள்ளே கிடைக்கும் இடம் அதே விகிதத்தில் கூடுவதும் இல்லை. ஐம்பதாவது மாடிக்குப் போகிற லிஃப்ட் கீழே உள்ள நாற்பத்தொன்பது மாடிகளிலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய் எல்லாமே அப்படித்தான். காற்றின் தள்ளு விசையைத் தாங்க மையத் தூணைத் தடிமனாக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல், மாடியைக் கூட்டுவது கணக்குக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு மேலே போகிறவர்கள் பெருமைக்காகவோ, நிலத்தின் விலை அந்தக் கணக்கையும் மீறிவிட்டதாலோதான் போகிறார்கள்.

ஆக, ஐரோப்பாவில் உயரம் என்பது நெடுங்காலம் கடவுளுக்கு உரியது. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர். 1880-இல் முடிந்தன. உல்ம் தேவாலயக் கோபுரம் 161.5 மீட்டர், 1890. அந்தக் கோபுரங்களை யார் மிஞ்சுவது என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை. கொலோனில் ரைன் ஆற்றின் எதிர்க்கரையில் உயரக் கட்டிடங்கள் கட்டத் திட்டம் போட்டபோது, 2004-இல் யுனெஸ்கோ அந்தப் பேராலயத்தை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பேராலயத்தின் ஒரு கல்லைக்கூட யாரும் தொடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இன்னொன்று உயர்ந்து நின்றாலே ஆபத்து என்று கருதினார்கள். ஒரு கட்டிடம், 103 மீட்டர் உயரத்தில், ஏற்கெனவே எழுந்துவிட்டது. மற்றவற்றை நகரம் குறைத்துக்கொண்டது. 2006-இல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

அதே 2004-இல் மியூனிக்கில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தின் கோபுரங்கள் 99 மீட்டர். அதற்கு மேலே, அதாவது 100 மீட்டருக்கு மேலே, கட்டிடம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வி. வேண்டாம் என்ற பக்கம் நூலிழையில் ஜெயித்தது: 50.8 விழுக்காடு.

மிலான் வேறு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அங்கே பேராலய உச்சியில் 108.5 மீட்டர் உயரத்தில் பொன்முலாம் பூசிய மரியன்னை சிலை 1774 முதல் நிற்கிறது. ஊர்க்காரர்கள் செல்லமாக மதோனினா என்பார்கள். அவளுக்கு மேலே எதுவும் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். 1960-இல் 127 மீட்டர் உயரத்தில் பிரெல்லி கட்டிடம் எழுந்தபோது, அதன் உச்சியில் மதோனினாவின் சிறு பிரதி ஒன்றை வைத்தார்கள். 2010-இல் 161 மீட்டர் உயரத்தில் மாகாண அரசின் கட்டிடம் வந்தது, அதிலும் ஒரு பிரதி. ஊரின் மிக உயரமான இடத்தில் இன்னும் அவள்தான் இருக்கிறாள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். வழக்கத்தையும் மீறவில்லை, வளர்ச்சியையும் நிறுத்தவில்லை.

லண்டன் இந்தச் சண்டையை வரைபடமாகவே மாற்றிவிட்டது. செயின்ட் பால் குவிமாடத்தின் சிலுவை உச்சி 111 மீட்டர். 1894-இன் கட்டிடச் சட்டம் 80 அடிக்கு மேல் கட்டுவதைத் தடுத்தது. 1930-களில் தொலைபேசி நிலையத்துக்காக எழுந்த ஃபாரடே கட்டிடம் தேம்ஸ் ஆற்றுப் பக்கமிருந்து தேவாலயத்தின் காட்சியை மறைத்தது. உடனே எதிர்ப்பு. 1938 முதல் தேவாலயத்தைச் சுற்றிய தெருக்களில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று கட்டம் கட்டமாக வரையறுத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்று பூங்காக்கள், குன்றுகள், பாலங்களிலிருந்து செயின்ட் பாலையும் நாடாளுமன்றத்தையும் லண்டன் கோபுரக் கோட்டையையும் நோக்கி வரைந்த பார்வைக் கோடுகள் நகரத் திட்டத்தின் பகுதி. ரிச்மண்ட் வேலி ஓட்டை அவற்றில் ஒன்று.

இந்தக் கோடுகள் கட்டிடங்களின் உருவத்தையே செதுக்குகின்றன. லீடன்ஹால் தெருவில் 2014-இல் முடிந்த 225 மீட்டர் கட்டிடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிந்தும், ஆப்பு மாதிரி இருக்கும். பாலாடைக்கட்டி துருவும் கருவி மாதிரி இருக்கிறது என்று ஊர் அதற்கு சீஸ்கிரேட்டர் என்று பெயர் வைத்துவிட்டது. அழகுக்காக வந்த சரிவு அல்ல அது. ஃபிளீட் தெரு வழியே செயின்ட் பாலை நோக்கி நடந்து வருகிறவரின் கண்ணுக்கு, நேராக எழுப்பினால் அந்தக் கட்டிடம் குவிமாடத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒதுங்கி வழிவிடுவதற்காக அது பின்னால் சாய்கிறது. ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிடச் சிறிதாகிக்கொண்டே போகிறது. வாடகைக்கு விடக்கூடிய அவ்வளவு இடத்தை ஒரு தெருவில் நடப்பவரின் பார்வைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஷார்டின் பெயரே ஒரு சண்டையில் பிறந்தது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இங்கிலீஷ் ஹெரிட்டேஜ், அந்தத் திட்டத்தை எதிர்த்தபோது, பழைய லண்டனின் நெஞ்சில் குத்திய கண்ணாடிச் சில் என்ற பொருளில் சொன்னது. சில் என்பதற்கான ஆங்கிலச் சொல்தான் ஷார்டு. கட்டியவர்கள் அந்த வசவையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் அது திறக்கப்பட்டது. பெரும்பங்கு கத்தார் அரசின் பணம். அப்புறம், உயரத்துக்கு மேலே இன்னொரு கோடும் இருக்கிறது, அது விமானங்களுடையது. நகரின் கிழக்கே உள்ள விமான நிலையத்தின் பாதை காரணமாக, 310 மீட்டருக்கு மேலே யாரும் போக முடியாது. 2024 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற ஒன் அண்டர்ஷாஃப்ட் கட்டிடத்தின் உயரம் 309.6 மீட்டர். ஷார்டின் அளவேதான்.

பிராங்பர்ட்டுக்கு வந்தால் காட்சி முழுக்க மாறுகிறது. ஜெர்மனியில் 150 மீட்டரைத் தாண்டிய கட்டிடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே ஊரில்தான். 1944 மார்ச்சில் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்துபோனது. போருக்குப் பின், 1948-இல் மேற்கு ஜெர்மனியின் மைய வங்கிக்கு முன்னோடியான நிறுவனம் அங்கே அமைந்தது. மற்ற வங்கிகள் பின்னாலேயே வந்தன. 1984-இல் டாய்ச்ச வங்கியின் 155 மீட்டர் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தபோது, ஊர்க்காரர்கள் அவற்றைப் 'பற்று', 'வரவு' என்று அழைத்தார்கள். கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

சண்டை இல்லாமல் வந்துவிடவில்லை இதெல்லாம். 1970-களின் தொடக்கத்தில் வெஸ்ட்எண்ட் பகுதியின் பழைய அழகான வீடுகளை நில முதலீட்டாளர்கள் வாங்கி, காலியாகப் போட்டு, இடிக்கக் காத்திருந்தார்கள். மாணவர்களும் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களும் அந்த வீடுகளில் குடியேறி வெளியேற மறுத்தார்கள். போலீசோடு தெருச் சண்டையே நடந்தது. அந்தப் போராட்டத்தின் பாடத்தை நகரம் எடுத்துக்கொண்டது. உயரக் கட்டிடங்கள் எங்கே வரலாம் என்று பிறகு இடம் குறித்துத் திட்டம் போட்டார்கள். இஷ்டப்பட்ட இடத்தில் கட்ட முடியாது.

பிராங்பர்ட் கட்டிடங்களின் இன்னொரு தனித்தன்மை உள்ளே இருக்கிறது. வேலை செய்கிறவருக்குப் பகல் வெளிச்சமும் வெளிப்பார்வையும் வேண்டும் என்பதில் ஜெர்மானிய விதிகளும் வழக்கமும் பிடிவாதமானவை. ஜன்னலிலிருந்து ரொம்ப தூரத்தில் மேசை போட முடியாது. அதனால் அமெரிக்கக் கட்டிடங்களைப் போல அகலமான தளங்கள் போட முடியாது, தளம் ஒல்லியாகிவிடும். 1997-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த 259 மீட்டர் காமர்ஸ் வங்கிக் கோபுரம் முக்கோண வடிவில் நடுவே வெற்றிடம் விட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். நான்கு மாடி உயரமுள்ள ஒன்பது தோட்டங்கள் அதைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. ஜன்னலைத் திறக்கலாம். வானளாவியில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது என்பது சாதாரணமாகத் தோன்றும். உலகத்தின் பெரும்பாலான கண்ணாடிக் கட்டிடங்களில் அது முடியாது. உயரத்தை எதிர்த்த ஊர்களைவிட, உயரத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே இருப்பவரின் வசதியையும் கேட்ட இந்த ஊர் எனக்கு ஒரு படி மேல்.

பாரிஸ் ஒரே ஒரு கட்டிடத்தால் சூடுபட்ட ஊர். 1973-இல் மோன்பர்னாஸ் கோபுரம் முடிந்தது. 59 மாடி, 210 மீட்டர். சுற்றிலும் ஆறேழு மாடி வீடுகள், நடுவே கறுப்பாக ஒற்றை மரம் போல அது. கோபுரத்தின் உச்சியிலிருந்துதான் பாரிஸ் மிக அழகாகத் தெரியும், ஏனென்றால் அங்கிருந்து மட்டும்தான் அந்தக் கோபுரம் தெரியாது என்பது அங்கே பழகிப்போன பேச்சு. 1977-இல் நகரம் கதவைச் சாத்திவிட்டது: 37 மீட்டருக்கு மேல் கூடாது, மையப்பகுதியில் 25.

அதற்காக பாரிஸ்காரர்கள் வானளாவியை வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. 1958 முதலே நகர எல்லைக்கு வெளியே, மேற்கில், லா டிஃபான்ஸ் என்ற அலுவலகப் பகுதியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். லூவரிலிருந்து வெற்றி வளைவு வழியாகப் போகும் நேர்க்கோட்டின் நீட்சியில் அது இருக்கிறது. 1989-இல் 110 மீட்டர் உயரத்தில் பெரிய வளைவு ஒன்றை அந்தக் கோட்டின் முடிவில் நிறுத்தினார்கள். வேண்டும், ஆனால் வீட்டுக்கு வெளியே வேண்டும் என்பதுதான் பாரிஸின் நிலை. இதில் ஒரு விலை உண்டு. அலுவலகங்கள் ஒரு பக்கம், வீடுகள் வேறு பக்கம் என்று பிரிந்ததால், காலையில் ஒரு திசையிலும் மாலையில் மறு திசையிலும் ரயில்கள் பிதுங்குகின்றன.

2010-இல் நகரமன்றம் கொஞ்சம் இளகியது. நகரத்தின் ஓரங்களில் சில இடங்களில் குடியிருப்புகள் 50 மீட்டர் வரையிலும் மற்றக் கட்டிடங்கள் 180 மீட்டர் வரையிலும் போகலாம் என்றார்கள். ரென்சோ பியானோ வடிவமைத்த 160 மீட்டர் நீதிமன்றக் கட்டிடம் 2018-இல் வந்தது. முக்கோணம் என்ற பெயரில், தெற்கு ஓரத்தில், 180 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குத் திட்டம் வந்தது. 2014 நவம்பரில் மன்றம் அதை நிராகரித்தது. 2015 ஜூனில் அதே மன்றம் ஒப்புக்கொண்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் வழக்குகள். வேலை தொடங்கி, பள்ளம் தோண்டி, கட்டிடம் எழுந்துகொண்டிருந்தபோது 2023 ஜூனில் நகரமன்றம் பழைய 37 மீட்டர் எல்லையைத் திரும்பவும் கொண்டுவந்தது. இந்த முறை காரணம் அழகு மட்டுமல்ல. கண்ணாடியும் எஃகும் கான்கிரீட்டும் செய்வதற்கு ஆகும் கரியமில வாயுக் கணக்கையும் முன்வைத்தார்கள்.

இதுவரை சொன்ன ஊர்களில் உயரத்தை முடிவு செய்தது சந்தையும் நகரமன்றமும். மாஸ்கோவில் ஒரே ஆள். 1947 செப்டம்பர் 7, மாஸ்கோவின் 800-ஆவது ஆண்டு விழா நாள். ஸ்டாலின் திட்டமிட்ட எட்டு உயரக் கட்டிடங்களுக்கும் ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். ஏழு முடிந்தன. அவற்றில் மிகப் பெரியது மாஸ்கோ பல்கலைக்கழகம், 240 மீட்டர், 1953. பிராங்பர்ட்டின் மெஸ்ஸடுர்ம் வரும்வரை, 1990 வரை, ஐரோப்பாவின் மிக உயரமான கட்டிடம் அதுதான்.

அந்த ஏழில் ஒன்றின் அஸ்திவாரக் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. செங்கதவு என்ற சதுக்கத்தில் எழுந்த கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையத்தின் வாசலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. தண்ணீர் ஊறிய மண். தோண்டினால் கட்டிடத்தின் அடியிலிருந்து மண் நழுவிவிடும். எனவே குளிர்ந்த உப்புக் கரைசலைக் குழாய்களில் செலுத்தி மண்ணையே பனிக்கட்டியாக உறையவைத்தார்கள். உறைந்த மண் வீங்கும், உருகும்போது அமுங்கும். எவ்வளவு அமுங்கும் என்று கணக்குப் போட்டு, கட்டிடத்தை எதிர்த்திசையில் சற்றுச் சாய்த்தே கட்டினார் பொறியாளர் விக்டர் அப்ராமோவ். மண் உருகியதும் கட்டிடம் நிமிர்ந்து நின்றது. இன்றும் நிற்கிறது. கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட முடியாத காலத்தில், ஒரு மனிதர் மண்ணின் மேல் வைத்த நம்பிக்கை அது.

வார்சாவுக்கு அப்படி ஒன்று பரிசாக வந்தது. தங்கள் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944-இல் நடந்த எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் அந்த நகரத்தைத் திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்தச் சிதிலத்தின் நடுவே, 1952-லிருந்து 1955 வரை, சோவியத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பண்பாடு மற்றும் அறிவியல் மாளிகையை எழுப்பினார்கள். ஊசி முனையோடு 237 மீட்டர். ஸ்டாலினின் பெயரோடு பிறந்து, பிறகு அந்தப் பெயரை இழந்தது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு இடித்துவிடலாம் என்று பலர் பேசினார்கள். அது வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். வார்சாவுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. ஜார் ஆட்சியில் நகரின் முக்கியச் சதுக்கத்தில் ரஷ்யர்கள் கட்டிய பேராலயம், 70 மீட்டர் மணிக்கூண்டோடு, 1912-இல் முடிந்தது. சுதந்திரம் வந்த பிறகு, 1920-களின் நடுவில், போலந்துக்காரர்கள் அதை முழுக்க இடித்துவிட்டார்கள். யாரோ தன் தலைக்கு மேலே நிறுத்திய கோபுரத்தை எப்படி இறக்குவது என்று அந்த ஊருக்குத் தெரியும்.

மாளிகையை மட்டும் இடிக்கவில்லை. அதற்குள் திரையரங்குகளும் நாடக அரங்குகளும் நீச்சல் குளமும் இருந்தன. இரண்டு தலைமுறை அங்கே நீந்தக் கற்றது. 1967-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதன் அரங்கில் பாடியது. 2007-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். இடிப்பதற்குப் பதில் வார்சா செய்தது வேறு: அதைச் சுற்றிலும் உயரமான கட்டிடங்களை எழுப்பி, தனித்து நின்ற ஒன்றைக் கூட்டத்தில் ஒன்றாக்கிவிட்டது. 2022-இல் முடிந்த வார்சோ டவரின் கூரை 230 மீட்டரில் நிற்க, கம்பம் 310 வரை போவதற்கு இந்தப் பின்னணியும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கூரையை மட்டும் கணக்கிட்டால் ஸ்டாலின் மாளிகையின் ஊசிதான் இன்னும் 7 மீட்டர் மேலே.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மக்கள் ஜெயித்த கதை ஒன்று இருக்கிறது, பாதி ஜெயம்தான். ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் ஸ்மோல்னி பேராலயத்துக்கு எதிர்க்கரையில் ஏறக்குறைய 400 மீட்டர் கோபுரம் கட்டத் திட்டமிட்டது. அந்த ஊரின் அடையாளம் 122.5 மீட்டர் உயரமுள்ள பீட்டர்-பால் தேவாலய ஊசி. ஊர் முழுக்கத் தாழ்வாக, கிடைமட்டமாக, ஆற்றை ஒட்டி நீளும். ஊர்வலங்கள், வழக்குகள், யுனெஸ்கோவின் எச்சரிக்கை. 2010 இறுதியில் திட்டம் இடம் மாறியது. பழைய நகரத்திலிருந்து விலகி, ஃபின்லாந்து வளைகுடாக் கரையில் லக்தா என்ற இடத்துக்குப் போனது. போன இடத்தில் உயரம் குறையவில்லை, கூடியது: 462 மீட்டர், ஐரோப்பாவிலேயே முதலிடம். அதன் அடித்தட்டுக்கு 2015-இல் 49 மணி நேரம் இடைவிடாமல் 19,624 கன மீட்டர் கான்கிரீட் ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேருமிடத்தில் பலவீனமான மடிப்பு விழும். அதனால் இரவும் பகலும் லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

ஸ்பெயின், நெதர்லாந்து பற்றிச் சுருக்கமாக. ரோட்டர்டாம் 1940 மே 14 குண்டுவீச்சில் மையத்தையே இழந்தது. காக்க வேண்டிய பழைய காட்சி மிச்சமில்லாததால் உயரத்துக்குத் தடையும் இல்லை. 2022-இல் 215 மீட்டர் சால்ம்ஹாவன் கோபுரம் வந்தது. 1898-இல் கட்டிய 43 மீட்டர் வெள்ளை மாளிகை குண்டுக்குத் தப்பி இன்றும் அதே ஊரில் நிற்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவையே அண்ணாந்து பார்க்கவைத்தது அது. ஸ்பெயினின் பெனிடோர்ம் மீன்பிடி கிராமமாக இருந்து, 1956 நகரத் திட்டத்துக்குப் பிறகு சுற்றுலா ஊராகி, கடற்கரையை ஒட்டி ஹோட்டல் கோபுரங்களாக எழுந்தது. அசிங்கம் என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கடலோரம் முழுக்கப் பரந்து நிலத்தை விழுங்கிய மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால், குறைந்த நிலத்தில் நிறையப் பேருக்கு இடம் கொடுத்த ஊர் பெனிடோர்ம்தான்.

இவ்வளவு நேரம் வெளியிலிருந்து பார்ப்பவரின் கண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். ஐரோப்பிய நகரங்களும் அதைப் பற்றியேதான் அதிகம் பேசின. உள்ளே தூங்குகிறவரைப் பற்றிப் பேசியது குறைவு.

போருக்குப் பின் வந்த உயரக் கட்டிடங்களில் பெரும் பகுதி வங்கிகளுக்கானவை அல்ல, ஏழைகளுக்கும் உழைப்பாளிகளுக்குமான அரசுக் குடியிருப்புகள். வேகமாக, மலிவாக, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். 1968 மே 16 விடியற்காலை, லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் பதினெட்டாவது மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு பலகை விலக, அதன் மேல் இருந்தவை விழ, விழுந்தவை கீழே இருந்தவற்றை இடிக்க, கட்டிடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டிடம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பகுதி உடைந்தால் முழுக் கட்டிடமும் தொடர்ந்து சரியக் கூடாது என்ற விதி அதன் பிறகுதான் வந்தது.

2017 ஜூன் 14 நள்ளிரவு தாண்டி, லண்டனின் கென்சிங்டனில், கிரென்ஃபெல் டவரின் நான்காவது மாடிச் சமையலறையில் தீப்பிடித்தது. 24 மாடிக் குடியிருப்பு, ஒரே ஒரு படிக்கட்டு. ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு அடங்கியிருக்க வேண்டும். ஆனால் முந்தைய ஆண்டு முடிந்த புதுப்பிப்பில் கட்டிடத்தின் வெளிப்புறம் முழுக்கப் புதிய பலகைகளைப் போர்த்தியிருந்தார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே பாலித்தீன். பாலித்தீன் எரியும். தீ வெளிச்சுவர் வழியாக உச்சிக்கு ஏறியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொன்ன அறிவுரை வெகுநேரம் மாறவில்லை. 72 பேர் இறந்தார்கள்.

அந்தப் போர்வை எதற்காக? குளிரைத் தடுக்க என்பது ஒரு காரணம். இன்னொன்றும் திட்ட ஆவணங்களிலேயே இருந்தது: பக்கத்திலுள்ள பாதுகாக்கப்பட்ட பழைய தெருக்களிலிருந்து பார்க்கும்போது கட்டிடம் நன்றாகத் தெரிய வேண்டும். நாட்டின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்று அது. பார்வைக்காகக் கட்டிடத்தைச் சாய்க்கத் தெரிந்த நகரத்தில், பார்வைக்காகப் போர்த்திய பலகை எரியுமா என்பதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. குடியிருந்தவர்கள் தங்கள் கட்டிடத்தில் தீ ஆபத்து இருப்பதாகப் பல முறை சொல்லியிருந்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அத்தனை சாவுகளும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. பலகையும் காப்புப் பொருளும் விற்றவர்களின் நேர்மையின்மையையும், பல பத்தாண்டுகள் அரசு பார்த்தும் பாராமல் இருந்ததையும் அது பதிவு செய்தது. 2024 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் 14 மாடிக் குடியிருப்பு ஒன்று அதே மாதிரி வெளிச்சுவர் வழியாகப் பற்றி எரிந்து 10 பேர் இறந்தபோது, பார்த்தவர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது கிரென்ஃபெல்தான்.

இங்கிலாந்தில் இப்போது 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டாயமாகிறது. அந்த விதிக்குக் குறித்த தேதி 2026 செப்டம்பர் 30. வரைந்து முடித்த திட்டங்களைக் கட்டுநர்கள் பலர் திரும்ப எடுத்து மாற்றி வரைந்திருக்கிறார்கள். ஒரு படிக்கட்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் சில சதுர மீட்டர் போகும். விற்க முடியாத இடம். சீஸ்கிரேட்டர் தெருவுக்காக விட்டுக்கொடுத்த இடத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

கிரென்ஃபெல் கட்டிடத்தைக் கவனமாகப் பிரித்து இறக்கிவிடப் போவதாக 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. எரிந்த சுவர்களைச் சுற்றி ஆண்டுக்கணக்காக வெள்ளைத் திரை போர்த்தியிருந்தது. திரையின் உச்சியில் பச்சை நிறத்தில் ஓர் இதயம், அதன் கீழே, எப்போதும் எங்கள் நெஞ்சில் என்ற வாசகம். மேற்கு லண்டனில் வெகு தூரத்திலிருந்தே அது தெரிந்தது.